கசின் பிரதர்

மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் டிக்கெட் செக்கர் எங்கள் இருவரையும் மறித்து, "வேர் யூ ஆர் கோயிங்?" என்று கேட்டார். நான் அவசர அவசரமாக பாஸை எடுத்து நீட்டினேன். கூட வந்த என் தோழி நீட்டவில்லை. "வேர் ஆர் யூ கோயிங்," என்றாள், பாடம் நடத்துகிற குரலில். அவர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். "மை கிதர் ஜாவூங்கா? இதர் ட்யூட்டி ஹை மேரா," என்று குழம்பிப்போய்ச் சொன்னார். நான் எங்கே போவேன், எனக்கு இங்கேதானே வேலை என்று அந்த மனிதர் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா? அவருக்குப் பாடம் எடுக்கத்தான் நாம காலேஜுக்குப் போறோமா?"

"தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லக்கூடாதா?"

அவளைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் நான் இங்கேதான் வந்து நிற்பேன். தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளால் அதைத் தாண்டிப் போக முடியாது. சிலருக்குச் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் கை பரபரக்கும் இல்லையா, அந்த ஜாதி. அவள் படத்தை நேராக்கினாள் என்பதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

தாராவியில் அவளுடைய வாப்பாவுக்குத் தோல்பை தைக்கிற பட்டறை. கீழே பட்டறை, மரப்படி ஏறினால் மேலே வீடு. மேலப்பாளையத்து மனிதர்கள். எங்கள் வீடு இரண்டு சந்து தள்ளி. என் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. பள்ளிக்கூடம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜூனியர் காலேஜில் சேர்ந்தோம். பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பம்பாயில் அப்படித்தான் பெயர். மற்றவர்கள் சாதாரண இங்கிலீஷ் எடுத்துக்கொண்டு பிழைத்துப் போனார்கள். இவள் ஹயர் இங்கிலீஷ் எடுத்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அதில் பாதி மொழி, பாதி இலக்கியம். ஒரே புத்தகத்தின் முன்பக்கம் இலக்கணமும் கட்டுரையும், பின்பக்கம் கவிதையும் கதையும்.

முன்பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. பார்சிப் பெண்கள் இருந்தார்கள், வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிறவர்கள். அவர்களையே திருத்துவாள். பட்டறைத் தூசியில் வளர்ந்தவள், வீட்டில் ஒருவருக்கும் ஏபிசிடி முழுசாகத் தெரியாது, பிறகு எங்கிருந்து வந்தது இந்த இங்கிலீஷ் என்று மிஸ்ஸே ஒருமுறை கேட்டார். அவள் படித்தாள், அவ்வளவுதான். பட்டறையில் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, மேலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்விட்டுப் படிப்பாள்.

அவர்கள் சந்து முனையில் இன்னொரு பட்டறை இருந்தது. அதன் போர்டில் 'லெதர்' என்கிற சொல்லில் நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போய், சோப்பு நுரை என்று பொருள்படுகிற வேறொரு சொல்லாக மாறியிருந்தது. வருஷக்கணக்காக அது அப்படியே நின்றது, யாருக்கும் குறையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் இவள் ஸ்டூல் போட்டு ஏறி, விட்டுப்போன எழுத்தைக் கறுப்புப் பெயின்ட்டில் செருகிவிட்டாள். இடமில்லாததால் அது மற்ற எழுத்துகளின் தலைக்கு மேலே தொங்கியது. பட்டறைக்காரர் வந்து அவள் வாப்பாவிடம் சண்டை பிடித்தார். "உம்ம மவ என் போர்டைக் கெடுத்துப்புட்டா பாய். இத்தன வருஷம் கண்ணுல படாத தப்பு, இப்ப ஊரே நின்னு பாத்துச் சிரிக்கி." வாப்பா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மேலேயிருந்து அவள், "இப்பத்தான் சரியா இருக்கு," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பின்பக்கம்தான் அவளுக்குச் சிக்கல். இலக்கியத்தில் அவள் எப்போதும் என்னைவிடக் குறைவாகத்தான் வாங்குவாள். மீன் பிடிக்கப் போகிற ஒருவன் மனைவியிடம் விடைபெறுகிற பாட்டு ஒன்று பாடத்தில் இருந்தது. அதில் அவன் 'ஐ கோஸ்' என்பான். இவள் புத்தகத்திலேயே அதை அடித்துவிட்டு, மேலே 'கோ' என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். வரிசைக்கு நடுவே நடந்து வந்த மிஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"நீ கவிதை படிக்கிறாயா, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாயா?"

வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்று, "நாங்கள் இப்படி எழுதினால் மார்க் குறைக்கிறீர்கள். இவருக்கு மட்டும் ஏன் குறைக்கவில்லை?" என்று கேட்டாள்.

மிஸ் மங்களூர்க்காரர். பொறுமைசாலி. "எழுதியவருக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும். தெரிந்தே அவனை அப்படிப் பேசவிட்டிருக்கிறார். தெரியாமல் செய்தால் அது பிழை. தெரிந்து செய்தால், ஏன் செய்தார் என்று நாம் யோசிக்க வேண்டும். இலக்கியம் படிப்பது என்றால் பாதி அதுதான்," என்றார்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு ஆறவில்லை. "முன்பக்கம் குத்தம், பின்பக்கம் கவிதையா? இது என்னளா நியாயம்? தெரிஞ்சிக்கிட்டே ஒருத்தர் எதுக்குத் தப்பாப் பேசணும்?" எனக்குப் பசி.

வீட்டில் அவள் இன்னும் மோசம். அவளுடைய மாமி மகன், அதாவது வாப்பாவின் அக்கா மகன், ஊரிலிருந்து வந்து பட்டறையிலேயே இருந்தார். தோல் வெட்டுவதில் அவர்தான் வாப்பாவுக்கு வலது கை. இவள் பிறந்தபோதே இவருக்கு என்று இரண்டு குடும்பமும் பேசிவைத்தது. அவர் தப்பான ஆள் இல்லை, அதுதான் கஷ்டம். குடிக்கிறவர், கை நீட்டுகிறவர் என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அமைதியான மனிதர். இவள் மேலே சத்தம் போட்டுப் படிக்கும்போது கீழே தன் மிஷினை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்வார். கேட்டால், ஊசி உடைந்துவிட்டது என்பார்.

ஒருநாள் கொலாபாவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி பை பார்க்க வந்தார். இவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "குட் மார்னிங் சார், ப்ளீஸ் யூ சிட்," என்றார். மரப்படியின் மேல்முனையிலிருந்து இவள் குரல் வந்தது. "ப்ளீஸ் சிட். யூ வராது." வியாபாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மாமி மகனின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் உடனே, "ப்ளீஸ் சிட் சார்," என்று திருத்திச் சொன்னார். அப்படி ஒரு மனிதரைப் போய் நாலு பேர் முன்னால் திருத்துவாளா ஒருத்தி? எனக்கு அன்று அவள்மேல் நிஜமாகவே கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவரை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்கள் வழக்கப்படி மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். உம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். தட்டை வைத்துவிட்டு, "சோறு வச்சிருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவசரம் என்றால் உம்மாவைக் கூப்பிடச் சொல்வாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று வாப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பரீட்சைதான் அவளுக்கு இருந்த ஒரே வாசல். நல்ல மார்க் வாங்கினால் வாப்பா மனசு மாறி பி.ஏ. படிக்கவிடுவார், இங்கிலீஷ் டீச்சர் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் கட்டுரை ஒன்றில் மிஸ் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தார். 'என் கசின் பிரதர் என்னை ஸ்டேஷனில் வந்து அழைத்துப் போனான்' என்று எழுதியிருந்தேன். பம்பாயில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். இவள் எனக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள்.

"பிரதர் தப்புளா. வெறும் கசின்தான். அத்தை மவன், மாமா மவன், சித்தி மவன், பெரியப்பா மவன் எல்லாரும் அதுல அடங்கிருவாங்க."

"கட்டிக்கிற முறையும் கட்டக்கூடாத முறையும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான். ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நல்ல பாஷைளா அது. யாரும் யாருக்கும் முறை கிடையாது."

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது ஊரிலிருந்து மாமி வந்தார். கூடவே மாமியின் கொழுந்தனும். அவர் குவைத்தில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். சாச்சா என்றால் சித்தப்பா; குவைத்துச் சாச்சா என்று எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள். அவர் லீவு முடிவதற்குள் நிக்காஹை முடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். முடிந்த கையோடு பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அன்று நான் அவளோடு சேர்ந்து படிக்கப் போயிருந்தேன். மேலறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உம்மாவும் அடுப்படித் திரைக்குப் பின்னால். வாப்பா, "பரீட்சை எழுதிரட்டுமே அக்கா, வாக்குக் குடுத்திட்டேன்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமிதான் வாப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அவரை மறுத்துப் பேசி வாப்பாவுக்குப் பழக்கமில்லை.

டீ கொண்டுபோன அவளைக் குவைத்துச் சாச்சா நிறுத்தினார். பெண் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். தனக்கும் தெரியும் என்று சபைக்குக் காட்ட வேண்டாமா? படியோரம் நின்றிருந்த மாமி மகனைக் காட்டி, "ஹூ இஸ் ஹி?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். பெண் வெட்கப்படுவாள், எல்லோரும் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அவள் வெட்கப்படவில்லை. டீத் தட்டைக் கீழே வைத்தாள். "ஹி இஸ் மை கசின் பிரதர்," என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். அவள் சொல்லமாட்டாள்.

"பிரதரா?" என்றார் சாச்சா. "பிரதர்னா காக்கால்ல?"

காக்கா என்றால் அவர்களுக்கு அண்ணன். மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னது, எம்மவனைக் காக்காங்குதாளா? வாய் நெறையக் காக்கான்னு சொன்ன புள்ளைய நான் எப்படி மருமவளாக் கூட்டிட்டுப் போவேன்? ஏன்டா தம்பி, இதைக் கேக்கவா நான் ரயிலேறி வந்தேன்?"

உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது மாமி மகன்தான் தன் தாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"உம்மா, நீங்க பதறாதீங்க. பம்பாயில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அத்தை மவன், மாமா மவன் எல்லாத்துக்கும் இங்க கசின் பிரதர்தான். இங்கிலீஷுக்கு முறை தெரியாது. அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் கஷ்டப்பட்டுத் திறந்த கதவைச் சாத்திவிட்டார். மாமிக்கு மூச்சு வந்தது. வாப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குவைத்துச் சாச்சாவுக்குத்தான் சபையில் தன் இங்கிலீஷ் தோற்றுப்போன வருத்தம்.

"அது தப்பு இங்கிலீஷ். எங்க கம்பெனியில வெள்ளைக்காரன் முன்னாடி இப்படிப் பேசுனா சிரிப்பான். காலேஜுல ரெண்டு வருஷமா என்னத்தப் படிச்சுது புள்ள?"

மாமி அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாடா? இந்தப் படிப்புக்கா பரீட்சை, வாக்குன்னு இழுத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார், அவமானம் தெரியாமலிருக்க. பிறகு, "சரிதான். மச்சானுக்கும் காக்காவுக்கும் வித்தியாசம் தெரியாத படிப்பு. போதும். நாளையிலேர்ந்து போக வேண்டாம். பரீட்சையும் வேண்டாம்," என்றார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கல்யாணத்தையும் நிறுத்த முடியவில்லை, பரீட்சையும் போயிற்று. அந்தத் தப்பு அவளுடைய அறியாமை என்று ஆகிவிட்டது. எல்லோரும் அவளை மன்னித்தும்விட்டார்கள்.

"தப்பு இல்ல வாப்பா," என்றாள். "கசின்னு சொன்னாப் போதும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் சொன்னேன்."

"என்ன தெரிஞ்சிக்கிட்டு?"

"எனக்கு அவுக வேண்டாம். நான் பரீட்சை எழுதணும்."

இன்றைக்கும் எனக்குத் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. கல்யாணம் வேண்டாம் என்பதற்காக அவள் வாயைத் திறந்தாளா, அல்லது தன்னுடைய இங்கிலீஷை ஒருவர் தப்பு என்று சொன்னதைத் தாங்க முடியாமல் திறந்தாளா? அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இரண்டும்தான் என்று சொல்லியிருப்பாளோ என்னவோ.

மாமி அழ ஆரம்பித்தார். வாப்பா எழுந்து, யாரையும் பார்க்காமல், படியிறங்கிப் போய்விட்டார். மாமி மகன் மட்டும் அவளைப் பார்த்தார். அவளிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"இதை எங்கிட்டத் தமிழ்லயே முதல்ல சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கட்டிக்கிட்டே ஆவணும்னு நின்னிருப்பேனா?"

தலையைக் குனிந்துகொண்டு டீத் தட்டை எடுத்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

அவர் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த நாள் ஊருக்கு ரயிலேறினார். போகும்போது வாப்பாவிடம், "மாமா, பரீட்சை எழுதட்டும். என்னைச் சொல்லி நிப்பாட்ட வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதால்தான் வாப்பா விட்டார். மாமி அதற்கப்புறம் தம்பி வீட்டுப் படி மிதிக்கவே இல்லை. வாப்பா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். எது சொல்ல வேண்டுமென்றாலும் உம்மாவிடம், "அவகிட்டச் சொல்லு," என்பார், அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. அவள் தேறினாள், பி.ஏ.யும் படித்தாள், கோவண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரும் ஆனாள். வாப்பா கடைசிவரை அவளோடு நேராகப் பேசவில்லை என்று உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கின படிப்பை நல்ல படிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாத படிப்பு என்று சொல்லவும் வரவில்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் யாரையும் திருத்துவதில்லை. வேண்டுமென்றே ஒருநாள் அவளிடம், "யெஸ்டர்டே ஐ ஹேவ் கான்," என்று சொல்லிப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினாள். அவள் ஸ்டூலில் ஏறிப் போர்டில் எழுத்தைச் செருகியபோதுகூட எனக்கு அவளைப் பார்த்து இவ்வளவு பயம் வந்ததில்லை.

இங்கிலீஷ் பரீட்சை எழுதிவிட்டு நாங்கள் ரயிலேறாமல் நடந்தே வந்தோம். நல்ல வெயில். எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் ஓர் ஓரமாக நின்றாள்.

"அவுக கேட்டாகல்ல, தமிழ்ல சொல்லியிருக்கலாமேன்னு."

"ஆமா."

"நான் நினைச்சுப் பாக்காம இல்லளா. எத்தனையோ தடவை படியிறங்கிப் பாதிவரைக்கும் போயிருக்கேன். அவுகளைத் தமிழ்ல என்னன்னு கூப்பிட்டு ஆரம்பிக்கிறது, நீ சொல்லு."